வெட்டி ஒட்டின நம்பரும் நீ கேட்ட பெயின்றும்

மகன்,

இதை உனக்குத் தனியா அனுப்பலாம். அனுப்பமாட்டன். எங்கட குடும்பக் குறூப்பிலதான் போடுறன். ரொறொன்ரோவில இருக்கிற சின்னமாமா தொடக்கம் லண்டன் பெரியம்மா வரைக்கும் எல்லாரும் ஆறுதலா இருந்து வாசிக்கட்டும். அந்தக் காரை வாங்கப் போறன் எண்டு நீ சொன்னதும் இதே குறூப்பிலதான். படம் போட்டதும் இதிலதான். "மாப்பிள்ளைக்கு ஏத்த கார்" எண்டு எல்லாரும் எழுதிச் சந்தோசப் புளுகத்தில குதிச்சதும் இதிலதான். புளுகத்தை ஊர் முழுக்கப் பங்குபோட்டுட்டு, வில்லங்கம் எண்டு வந்தவுடன மட்டும் அம்மான்ர காதுக்குள்ள வந்து குசுகுசுக்கிறதோ? அது என்ன நியாயம்?

ஞாயிற்றுக்கிழமை நீ அனுப்பின குரல்பதிவை மூண்டு தரம் கேட்டனான். முதல் தரம் எனக்கு விளங்கேல்ல. ரெண்டாம் தரம் நம்பேல்ல. மூண்டாம் தரம் கேக்கேக்க அடுப்பில சோறு அடிப்பிடிச்சுப் போச்சு. "அம்மா, ஒரு சின்ன வேலை. காரின்ர பொனற்று மூடிக்குக் கீழ, இரும்பில நம்பர் குத்தியிருக்கிற இடத்தைச் சுத்தி ஒரு ஒட்டுத் தெரியுது. நீங்கள் கொஞ்சம் புட்டிப் பசை வைச்சுத் தேய்ச்சு ஒருக்கா பெயின்ற் அடிச்சு விட்டியள் எண்டால் ஒருத்தருக்கும் தெரியாது. சனிக்கிழமை பத்து மணிக்கு ஒரு ஆள் காரைப் பாக்க வருது. கராஜ் பூட்டின்ர திறப்பைச் சப்பாத்துத் தட்டில வைச்சிருக்கிறன்." சின்ன வேலையாம்! ஒருத்தருக்கும் தெரியாதாம்! இருபத்தாறு வருசம் நான் செய்த வேலையை இந்த வீட்டில ஒருத்தரும் வேலையா மதிக்கேல்ல. முதல் தரமா இப்பதான் அது உனக்குத் தேவைப்பட்டிருக்கு. அதுவும் எதுக்கு? ஒரு மனிசனைப் பேய்க்காட்டி ஏமாத்த.

வாசிக்கிற ஆக்களுக்கும் விளங்கவேணும் எண்டபடியா துவக்கத்தில இருந்து சொல்லுறன். உனக்கு ஆவணியில துளசியோட கலியாணம். மண்டப வாசல்ல வந்து இறங்க உனக்கு ஒரு பழைய அமெரிக்கக் கார் வேணுமெண்டாய். ரெண்டு கதவு, நீட்டு மூக்கு, எட்டுச் சிலிண்டர், அப்பா பிறந்த வருசத்துக் கார். ஹம்பேர்க்கில அப்பிடிக் காரை ஒரு நாளைக்கு வாடகைக்கு விடுற ஆக்கள் கனபேர் இருக்கினம் எண்டு சொன்னன். இல்லை, சொந்தமா வேணும், பிறகும் வைச்சு ஓடுவன் எண்டாய். சரி, உழைக்கிறாய், ஆசைப்படுறாய், அதில நான் குறை சொல்லேல்ல. அப்பாவும் சின்னவயசில அப்பிடி ஒரு காரைப் படத்தில பாத்துப்போட்டு ஆசைப்பட்டவர்தான். ரெண்டுபேரும் சோபாவில இருந்து ரெலிபோனில படம் பாத்துச் சிரிச்சதைப் பாக்க எனக்கும் சந்தோசமாத்தான் இருந்தது.

பிறகு சின்னமாமா ஒரு ஆளைப் பிடிச்சுத் தந்தார். அமெரிக்காவில பழைய கார் வாங்கிக் கப்பல்ல ஏத்தி விடுறவர், எங்கட ஆள். அந்த ரெண்டு சொல்லுக்குப் பிறகு எல்லாரும் தலையைக் கழட்டி வைச்சிட்டினம். ஆள் எந்த ஊர்? எங்கட ஊருக்குப் பக்கத்து ஊர். தேப்பன் ஆர்? தபால் கந்தோரில இருந்தவர், நல்ல மனிசன். தாய்? பெரியம்மாவோட பள்ளிக்கூடத்தில ஒண்டாப் படிச்சவ. எங்க கலியாணம் செய்தவர்? அது இன்ன வாத்தியாற்ற வீட்டில. நாலு நாள் குறூப்பில இதுதான் நடந்தது. எங்கயோ கிடந்த பழைய கலியாணப் படத்தைத் தேடி எடுத்து, "உதில மூண்டாவதா நிக்கிறதுதான் ஆள்" எண்டு வட்டம் போட்டுக் காட்டிச்சினம். கடைசியா பெரியம்மா எழுதினா: "பெடியன் மச்சம் மாமிசம் கூடச் சாப்பிடமாட்டான்." அதோட முடிஞ்சுது விசாரணை. காசு அனுப்பியாச்சு. நான் கேக்கிறன், அவன் மச்சம் சாப்பிடாட்டில் காரின்ர நம்பர் சரியாகிடுமே? நீங்கள் ஆளை விசாரிச்சியள், ஆளின்ர பரம்பரையை விசாரிச்சியள். காரை விசாரிக்க ஒருத்தருக்கும் நேரம் இருக்கேல்ல.

நீ வங்கியில வேலை செய்யிறாய். ஒருத்தன் வீடு வாங்கக் கடன் கேட்டு உன்னட்ட வந்தால் சம்பளத் துண்டு, வாடகைத் துண்டு, பிறப்புப் பத்திரம் எண்டு ஒன்பது கடதாசி கேட்டுத்தான் அவனைக் கதிரையில இருக்க விடுவாய். அந்த நீ, ஒரு கடல் தாண்டி வாற காருக்கு என்ன கேட்டனி? ஒரு உரிமைக் கடதாசின்ர படம். கதவில அடிச்சிருக்கிற தகட்டின்ர படம். ரெண்டிலயும் ஒரே நம்பர் எண்டவுடன உனக்குத் திருப்தி. தகடு எண்டது ரெண்டு ஆணி, மகன். கழட்டிப்போட்டு வேற காரில அடிக்க எனக்கு அஞ்சு நிமிசம் காணும். பழைய காரில அந்தக் காருக்கே உரிய நம்பரை இரும்பிலேயே குத்தியிருப்பினம், அதைத்தான் படம் எடுத்து அனுப்பச் சொல்லவேணும், அதைச் சுத்தி இருக்கிற இரும்பையும் சேத்து. அடிப்பக்கத்தைப் படம் எடுக்கச் சொல்லவேணும். அங்கயே காசு குடுத்தால் போய், கீழ படுத்து, தட்டிப் பாத்து, நூறு படம் எடுத்து அனுப்பிற ஆக்கள் இருக்கினம். அவையள் நீ ஆற்ற மகன் எண்டும் கேக்கமாட்டினம், விக்கிறவன் ஆற்ற பேரன் எண்டும் கேக்கமாட்டினம்.

இதை நான் அப்பவே சொன்னனான். சொல்லேல்ல எண்டு மட்டும் சொல்லாத. மேசையில மூண்டுபேரும் இருந்து சாப்பிடேக்க, அடிப்பக்கப் படம் கேள் எண்டு சொன்னன். நீ ரெலிபோனைப் பாத்துக்கொண்டு "ம்" எண்டாய். அப்பாதான் என்னைப் பாத்துச் சொன்னவர்: "நீர் சும்மா இரும். உப்பிடிக் கேட்டால் நம்பிக்கையில்லை எண்டு நினைக்கமாட்டினமே? சின்னமாமாவுக்கு எவ்வளவு மரியாதைக் குறைவு!" நானும் வாயை மூடினன். சோத்தைப் போட்டுப் பிசைஞ்சன். என்ர தம்பின்ர மரியாதை குறையக்கூடாது எண்டு என்ர மகன்ர காசு குறையிறதைப் பாத்துக்கொண்டு இருந்தன். அந்த ஒரு நாளுக்காக நான் என்னையே இண்டைக்கும் ஏசிக்கொண்டு இருக்கிறன்.

சின்னமாமா, நீயும் வாசி. உனக்கு நான் என்ன வேலை செய்தனான் எண்டு தெரியுமே? தெரியாது. "அக்கா ஒரு கார் கொம்பனி ஒபிசில இருக்கிறா" எண்டுதான் உனக்குத் தெரியும். பெரியம்மாவுக்கும் அதுதான் தெரியும். இண்டைக்கு எல்லாருக்கும் சொல்லுறன். நான் ஒபிசில இருக்கேல்ல. கார் திருத்திற கராஜில பெயின்ற் அடிச்சனான். முதல்ல அங்க நிலம் கூட்டித் துடைக்கத்தான் போனது. ஒருநாள் ஒரு சிவப்புக் காரைப் பாத்து, இந்தக் கதவு மற்றக் கதவைவிட ஒரு பொட்டு மங்கல் எண்டு எனக்குத் தெரிஞ்ச அரைகுறை ஜேர்மனில சொன்னன். அங்க பெரியவரா இருந்த மைஸ்டர் காரைச் சுத்திச் சுத்தி வந்து பாத்துப்போட்டு, "உனக்கு இது பழகச் சம்மதமோ?" எண்டு கேட்டார். முப்பத்திநாலு வயசில பதினாறு வயசுப் பிள்ளையளோட இருந்து அவுஸ்பில்டுங் எண்ட தொழிற்பயிற்சி முடிச்சனான், மகன். நீ அப்ப பாலர் வகுப்பு. புட்டி வைக்க, தேய்க்க, நிறம் கலக்க, அடிக்க எல்லாம் படிச்சன். சோதினையில மூண்டாவதா வந்தன். அந்தப் பத்திரம் எங்க எண்டு உனக்குத் தெரியுமோ? அலுமாரியில, கம்பளிப் போர்வையளுக்குக் கீழ.

ஏனெண்டால் வெக்கமாம். பொம்பிளை கார் பெயின்ற் அடிக்கிறாள் எண்டால் ஆக்கள் என்ன சொல்லுவினம் எண்டு அப்பா கேட்டார். அவர் அப்ப சாப்பாட்டுக் கடையில கோப்பை கழுவினவர், அதையும் "ஹோட்டல் மனேஜ்மென்ற்" எண்டுதான் கடிதத்தில எழுதினவர், அது வேற கதை. அவரை மட்டும் குத்தம் சொல்லி என்ன? நானும் ஓம் எண்டனான். கலியாண வீடுகளுக்குப் போகேக்க நகத்துக்குள்ள இருக்கிற பெயின்றைத் தெரியாமல் மறைக்கக் கடும் சிவப்பில பூசிக்கொண்டு போனனான். நீ பள்ளிக்கூடத்தில "என்ர அம்மா எழுத்து வேலை செய்யிறா" எண்டு எழுதினதை ரீச்சர் காட்டேக்க, பிள்ளை பொய் எழுதியிருக்கிறான் எண்டு நான் சொல்லேல்ல. சிரிச்சுக்கொண்டு நிண்டனான். அப்பிடி ஒளிச்சு ஒளிச்சு, கடைசியில வீட்டுக்குள்ளயே ஒளிஞ்சு போச்சு. கார் வாங்க வேணும் எண்டு வந்த நேரம், வீட்டில ஒரு ஆள் இதைத்தான் இருபத்தாறு வருசம் செய்தவள் எண்டு ஒருத்தருக்கும் ஞாபகம் வரேல்ல. தப்பு என்னில இருந்துதான் துவங்கினது. அதை நான் மறுக்கேல்ல.

பங்குனியில கார் துறைமுகத்துக்கு வந்து சேந்தது. நீ வாடகைக்கு எடுத்த கராஜில கொண்டுவந்து விட்டியள். எல்லாரும் வந்தவை. நாலு சில்லுக்கும் கீழ தேசிக்காய் வைச்சு, கற்பூரம் காட்டி, அப்பா தேங்காய் உடைச்சார். வெளியில பாக்க வடிவுதான், இல்லை எண்டு சொல்லமாட்டன். ஆனால் பெயின்ற் புதுசு. அறுபது வருசக் காரில பெயின்ற் புதுசா இருந்தால் நான் முதல்ல கேக்கிறது, என்னத்தை மறைக்க எண்டுதான். நீங்கள் படம் எடுத்துக்கொண்டு நிக்கேக்க, பின் மட்கார்டில விரலால தட்டிப் பாத்தன். இரும்புச் சத்தம் இல்லை, பலகைச் சத்தம். என்ர கைப்பையில கிடந்த சின்னக் காந்தத்தை வைச்சன், கீழ விழுந்துது. புட்டி, மகன். ஒரு விரல் மொத்தத்தில புட்டி. குனிஞ்சு அடிப்பக்கம் பாத்தன், கறுப்புத் தார் அடிச்சிருக்கு, அதுவும் புதுசு. காலிபோர்னியா வெயில்ல நிண்ட கார், கறள், துரு ஒண்டுமே இல்லை எண்டு அந்த ஆள் சொன்னவர். தாரை நகத்தால சுரண்டினன், உள்ளுக்குள்ள இரும்பு பிஸ்கற் மாதிரி உதிருது. அது வெயில் கண்ட இரும்பில்லை. றோட்டுக்கு உப்புக் கொட்டிற பனி ஊரில ஓடின இரும்பு.

அண்டைக்கே நான் சொல்லியிருக்கவேணும். துளசின்ர தாய் தேப்பனும் நிண்டவை, சம்பந்தியள் முன்னால மகன்ர காரைப் பழுது எண்டு சொல்லுறதோ எண்டு நினைச்சன். காந்தத்தை எடுத்துப் பையுக்குள்ள போட்டுட்டு, எல்லாருக்கும் கேசரி குடுத்தன். என்னையும் உங்களோட சேத்துக்கொள்ளுங்கோ.

பிறகு நீ கார்ப் பரிசோதனைக்கு நாள் எடுத்தாய். இந்த நாட்டில அதைத் தாண்டாமல் ஒரு பழைய காரையும் றோட்டில விட ஏலாது எண்டது நல்லவேளை. பரிசோதிச்ச மனிசன் பொனற்றைத் திறந்து, லைற்றைச் சரிச்சுப் பிடிச்சு, நம்பர் குத்தின இடத்தை அஞ்சு நிமிசம் பாத்தவராம். பிறகு உன்னைக் கூப்பிட்டுக் காட்டினவராம். நம்பர் இருக்கிற துண்டை மட்டும் வேற ஒரு காரில இருந்து நாலு மூலையா வெட்டி எடுத்து, இந்தக் காரில பொருத்தி, வெல்டிங் பிடிச்சு, பெயின்ற் அடிச்சிருக்கு. கடதாசி ஒரு காருக்கு, உடம்பு வேற காருக்கு. "இது எந்தக் கார் எண்டு என்னால சொல்ல ஏலாது, நீங்கள் முதல்ல அதை விசாரியுங்கோ" எண்டு எழுதித் தந்திட்டார். அந்தக் கடதாசியைத்தான் நீ மேசை லாச்சிக்குள்ள வைச்சுப் பூட்டினாய். எனக்குத் தெரிஞ்சது அப்பா வாய் தவறிச் சொன்னபடியாத்தான்.

இப்ப யோசிச்சுப் பார். அந்த உடம்பு ஆற்ற? அங்க ஒருத்தன் விடிய எழும்பிக் கதவைத் திறந்து, வாசல்ல விட்ட காரைக் காணேல்ல எண்டு நிண்டிருப்பான். அதை இஞ்ச தேங்காய் உடைச்சு வரவேற்றது நாங்கள். களவோ இல்லையோ எண்டு எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது. தெரியாத ஒண்டைத் தெரியாமலே இன்னொருத்தன்ர தலையில கட்டிறதுக்குத்தான் நீ புட்டி கேக்கிறாய்.

அந்த ஆளுக்கு ரெலிபோன் எடுத்தாய். ஒரு கிழமை எடுக்கேல்ல. பிறகு எடுத்து, "அண்ணை, சத்தியமா எனக்குத் தெரியாது, நானும் ஒருத்தனிட்ட வாங்கித்தான் அனுப்பினனான்" எண்டு அழுதவராம். வித்தவன்ர பேரைத் தா எண்டால் தரமாட்டாராம். சரி, பொலிசில சொல்லுவம், வழக்குப் போடுவம் எண்டு நான் சொன்னவுடன சின்னமாமா எனக்கு எடுத்தார். "அக்கா, பெரிசாக்காதேங்கோ. எங்கட ஆள். தாய்க்கு மனம் நொந்து போகும். எல்லா இடமும் முகம் பாக்கிற ஆக்கள்." எனக்கு வந்த கோவத்துக்கு ரெலிபோனைச் சுவரில அடிச்சிருப்பன். அவன்ர தாய்க்கு மனம் நோகுமாம்! நான் ஆர்? எனக்கு இருக்கிறது என்ன, புட்டியே? எங்கட ஆள், எங்கட ஆள் எண்டு சொல்லுறியள். எங்கட ஆள் எண்டால் கூடுதலாப் பாத்துச் செய்யிறவன் எண்டுதானே நான் இவ்வளவு நாளும் நினைச்சது. கேள்வி கேக்க ஏலாதவன் எண்டது எனக்கு இப்பதான் விளங்குது.

இதே ஆக்கள் துளசியை என்ன பாடுபடுத்தினவை எண்டு ஞாபகம் இருக்கோ? சாதகம் கேட்டவை. அந்தப் பிள்ளை எங்க படிச்சது, என்ன வேலை, தமையன் ஏன் இன்னும் கலியாணம் செய்யேல்ல, தகப்பனுக்குச் சீனி வருத்தமாமே எண்டெல்லாம் ஆறு மாசம் துருவினவை. பெட்டை நேர முன்னால இருக்கிறாள், நல்ல பிள்ளை, ஆஸ்பத்திரியில இராப்பகலா நிண்டு வேலை செய்யிறாள். அவளை நம்ப ஆறு மாசம். முகம் தெரியாத ஒருத்தனை நம்ப நாலு நாள். வெக்கமா இல்லையே உங்களுக்கு?

இனி சனிக்கிழமை வாற மனிசனைப் பற்றிக் கதைப்பம். ஆர் எண்டு அப்பாட்டக் கேட்டனான். பஸ் ஓடிப் பென்சன் எடுத்தவராம். லைப்சிக் பக்கத்தில இருக்கிறாராம். கிழக்கு ஜேர்மனியா இருந்த காலத்தில அந்தப் பக்கத்தில இப்பிடிக் காரைப் பத்திரிகையில கூடப் பாக்கக் கிடைக்கேல்ல, சாகிறதுக்கு முன்னம் ஒண்டைத் தன்ர கையால திருத்தி ஓடவேணும் எண்டு உனக்கு எழுதியிருக்கிறாராம். அதை வாசிச்சபோது உனக்குள்ள ஒண்டும் செய்யேல்லையே, மகன்? "பாத்தபடியே வாங்கினது எண்டு ஒப்பந்தத்தில ஒரு வரி போட்டால் காணும், பிறகு எங்களுக்கு ஒரு பொறுப்பும் இல்லை" எண்டு அப்பாவுக்குச் சொன்னியாம். பாத்தபடியோ? அவர் பாக்கக்கூடாது எண்டுதானே என்னைப் பெயின்ற் அடிக்கச் சொல்லுறாய்! தெரிஞ்சுகொண்டு மறைச்சால் அந்த வரி ஒரு சதத்துக்கும் உதவாது எண்டு வங்கியில இருக்கிற உனக்குத் தெரியாதே? தெரியும். அதுதான் எனக்கு வயித்தெரிச்சல்.

இப்ப நான் ஒண்டு சொல்லப் போறன். இதை அப்பாவுக்குக் கூட முழுக்கச் சொல்லேல்ல. நான் வேலைக்குச் சேந்து ஆறோ ஏழோ வருசம் இருக்கும். பழைய மைஸ்டர் போய், வேற ஒருத்தன் முதலாளியா வந்திருந்தான். பின்பக்கம் முழுக்க அடிபட்ட ஒரு குடும்பக் கார் வந்தது. அதை ஒழுங்கா இழுத்து நிமித்தாமல், பாதி வெல்டிங்கில விட்டுப்போட்டு, "நீ வடிவா மூடிவிடு" எண்டான். எனக்குத் தெரியும், அந்த இடம் இன்னொரு அடி தாங்காது எண்டு. ஆனால் எனக்கு விசா நீடிக்கிறதுக்கு வேலைக் கடிதம் வேணும், அதில அவன்ர கையெழுத்து வேணும். மூடினன். என்னைவிட வடிவா அதை ஒருத்தராலயும் மூட ஏலாது. வாங்க வந்தது ஒரு இளம் பொம்பிளை. பின் சீற்றில பிள்ளை இருக்கிற கதிரையை வைச்சுப் பாத்தா. போகேக்க என்னைத் திரும்பிப் பாத்து, "எல்லாம் நல்லாத்தானே இருக்கு?" எண்டு கேட்டா. பொம்பிளை எண்டபடியா என்னட்டக் கேட்டிருப்பா. நான் தலையை ஆட்டினன்.

அவவுக்கு என்ன நடந்தது எண்டு எனக்குத் தெரியாது. ஒண்டும் நடந்திருக்காது எண்டு நினைக்கிறன், அப்பிடி நினைச்சால்தான் நித்திரை வரும். ஆனால் அந்தச் சாம்பல் நிறக் காரை எந்த றோட்டில கண்டாலும் பின்பக்கம் பாக்கிறன். இண்டைக்கும் பாக்கிறன். அதுக்குப் பிறகு அந்த முதலாளி ரெண்டு தரம் கேட்டவன், நான் ஏலாது எண்டு சொல்லிப்போட்டன், வேலையால நிப்பாட்டவும் இல்லை. முதல் தரமே சொல்லியிருந்தாலும் நிப்பாட்டியிருக்கமாட்டான் எண்டது பேந்துதான் விளங்கினது. அப்ப நான் பயந்தது என்ர பயத்துக்கு. எனக்காவது விசா எண்டு ஒரு காரணம் இருந்தது. உனக்கு என்ன இருக்கு? பாஸ்போட் இருக்கு, வேலை இருக்கு, வீடு இருக்கு. போன காசுக்கு அழுகிறது ஒரு காரணமோ?

அந்தக் காசு போனதுதான். வந்தால் வரட்டும், வராட்டில் போகட்டும். பொலிசுக்குப் போ, நம்பரைச் சொல்லு, பரிசோதிச்ச மனிசன் தந்த கடதாசியைக் குடு. காரைக் கொண்டுபோவினம் எண்டால் கொண்டுபோகட்டும். கலியாணத்துக்கு என்ர பழைய காரில வந்து இறங்கு, நான் கழுவித் தாறன். சின்னமாமாவும் அந்த ஆளும் கோவிச்சுக்கொண்டு கலியாணத்துக்கு வராட்டில், ரெண்டு சாப்பாடு மிச்சம்.

நீ கேட்ட வேலைக்கு வாறன். நேற்றுப் பின்னேரம் திறப்பை எடுத்துக்கொண்டு உன்ர கராஜுக்குப் போனனான். புட்டியும் கொண்டுபோகேல்ல, பெயின்றும் கொண்டுபோகேல்ல. சாண்ட்பேப்பர் மட்டும். பொனற்றைத் திறந்து, நம்பர் எழுத்தில கை படாமல், அதைச் சுத்தி ஒரு சாண் அகலத்துக்குப் பெயின்றை முழுக்கத் தேய்ச்சு எடுத்திட்டன். வெறும் இரும்பு தெரியுது. நாலு பக்கமும் வெல்டிங் கோடு தெரியுது. குருடனுக்கும் தெரியும். அதை மூட வேற ஒருத்தனைப் பிடிக்கலாம் எண்டு யோசியாத, படமும் எடுத்து வைச்சிருக்கிறன், இதோட சேத்துக் கீழ போடுறன்.

ஒரு மணித்தியாலம் எடுத்தது. அந்தக் கராஜில வெளிச்சம் காணாது, ஒரு ஆள் லைற் பிடிக்கவேணும். அப்பாவைக் கேக்கேல்ல. துளசியைக் கேட்டன். வேலையால நேர வந்தவள், உடுப்பும் மாத்தேல்ல. லைற்றைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவள். கோடு தெரியத் துவங்க, "மாமி, இது என்ன?" எண்டாள். வெட்டி ஒட்டினது பிள்ளை எண்டன். கிட்டக் குனிஞ்சு விரலால தடவிப் பாத்தாள். பிறகு ஒரு கேள்விதான் கேட்டவள்: "இது அவருக்குத் தெரியுமோ?"

அண்டைக்கு அந்த இளம் பொம்பிளைக்கு ஆட்டினது போல தலையை எப்பிடியாவது ஆட்டியிருக்கலாம். என்ர பிள்ளை நீ. "ஓம், தெரியும்" எண்டு சொன்னன்.

அவள் லைற்றை அணைக்கேல்ல. "முடியுங்கோ மாமி, அந்த மூலையில இன்னும் கொஞ்சம் இருக்கு" எண்டாள். வீட்டை வந்து இறங்கேக்க ஒண்டு சொன்னவள். சனிக்கிழமை தனக்கு லீவாம், தானும் வாறாளாம். நாங்கள் ரெண்டுபேரும் பத்து மணிக்கு முன்னம் அங்க நிப்பம். அந்த மனிசனுக்குப் பொனற்றை நீ திற.

அம்மா